பழைய சார்ம்ட் பெண்களுக்கான தொடரா, சும்மா கவர்ச்சியா?

கேள்வி (பிப்ரவரி 2)

1998-இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் சார்ம்டைப் பெண் சக்தித் தொடர் என்று இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்? மூன்று வெள்ளைக்கார அழகிகள், குட்டைச் சட்டை, வாரம் ஒரு அரக்கன், வாரம் ஒரு காதலன். 2018-இல் வந்த புதிய சார்ம்ட்தான் உண்மையில் பெண்ணியம் பேசியது. பழையதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் தங்கள் கல்லூரி நாட்களைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். மறுப்பு உண்டா?

பிப்ரவரி 2, இரவு 10.40

உண்டு. சட்டைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் முதல் எபிசோடு. 1998 அக்டோபர் 7. ப்ரூ, பைப்பர், ஃபீபி என்ற அக்கா தங்கைகள் மூவருக்கும் மந்திர சக்தி வருகிறது. வந்த சக்தி முதலில் எங்கே வேலை செய்கிறது என்று பார்த்தீர்களா?

பைப்பர் ஓர் உணவகத்தில் செஃப் வேலைக்குச் சமைத்துக் காட்டப் போயிருக்கிறாள். பாஸ்தா தயார். சாஸில் போர்ட் ஒயின் ஊற்றுவது மட்டும் பாக்கி. அதற்குள் பெரிய செஃப் வந்து நிற்கிறார். இன்னும் முடியவில்லை என்று இவள் சொல்லச் சொல்ல, மனிதர் காதிலேயே வாங்காமல் முள்கரண்டியில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறார். இவள் பதறிக் கையை நீட்ட, ஆள் அப்படியே உறைந்துபோகிறார். வாய் திறந்தபடி, கரண்டி வாய்க்கு அருகில். பைப்பர் என்ன செய்கிறாள்? அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்க்கிறாள். அப்புறம் ஒயினை எடுத்துச் சாஸில் விடுகிறாள், அவர் கரண்டியில் இருக்கும் வாய்க்கும் சேர்த்து. வேலை கிடைத்துவிடுகிறது.

ப்ரூ அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறாள். மேலதிகாரி ரோஜர், ஒரு காலத்தில் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். அவள் உழைத்து ஏற்பாடு செய்த கண்காட்சிக்கு அவன் பேர் வாங்கிக்கொள்கிறான். அவள் கோபத்தில் திரும்பி நடக்கிறாள், பின்னால் அவன் கழுத்து டை தானாக இறுகுகிறது. அவளுக்கே அது தெரியாது.

அரக்கன் எல்லாம் அப்புறம்தான். ஒருத்திக்கு வேலை கிடைக்க, இன்னொருத்திக்கு வேலையை உதறிவிட்டு வர. 98-இல் சக்தி என்று எழுதப்பட்டது இதைத்தான். வேறு எந்த மாயத் தொடரில் முதல் மந்திரம் ஒரு வேலை நேர்காணலில் நடந்திருக்கிறது?

பிப்ரவரி 2, இரவு 11.05

விட்டுப்போனது. அந்த எபிசோடில் பைப்பரைக் கத்தியோடு கொல்ல வருகிறவன் யார்? ஜெரமி. ஆறு மாதமாக அவளோடு பழகும் காதலன். ஆபத்து பாதாளத்திலிருந்து வரவில்லை, பூங்கொத்தோடு வாசல்வழியாக வந்தது.

பிப்ரவரி 3, காலை

என் பக்கச் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலும் மூன்று பெண்கள். திருச்சியில், கேபிளில், 2003-04 வாக்கில் பார்த்தோம். வசனம் பாதி புரியாது, சப்டைட்டில் கிடையாது. அக்கா ப்ரூ, நான் நடுப்பிள்ளை, அதனால் பைப்பர், தங்கை ஃபீபி என்று பங்கு பிரித்துக்கொண்டோம். யாரும் யாரையும் கேட்கவில்லை, பிறந்த வரிசையே தீர்ப்பு.

அந்தத் தொடரில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது மந்திரம் இல்லை, குடும்பப்பெயர். அப்பா விக்டர் பென்னெட். மகள்கள் ஹாலிவெல். அம்மாவும் ஹாலிவெல், பாட்டியும் ஹாலிவெல். பெயரும் வீடும் பரணில் கிடக்கும் மந்திரப் புத்தகமும் பெண்கள் வழியாகத்தான் இறங்குகின்றன. ஐந்தாவது சீசனில் பைப்பருக்குப் பிள்ளை பிறக்கும்போது எல்லாரும் பெண் என்று எதிர்பார்த்திருக்க, பையன் வந்து நிற்பான். இறந்துபோன பாட்டியை ஆசீர்வாதத்துக்கு அழைப்பார்கள். அந்தக் கிழவி பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்கும்: ஆணா?

என் தங்கை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவைப் பெற்ற ஆத்தா "மூணாவதும் பொட்டையா" என்று கேட்டுவிட்டு உள்ளே வராமலே பஸ் ஏறிப் போனது எங்கள் வீட்டில் இன்றும் சொல்லப்படும் கதை. ஹாலிவெல் பாட்டி முகம் சுளித்தபோது நாங்கள் மூவரும் கைதட்டிச் சிரித்தோம். அது நியாயம் இல்லை, தெரியும். அந்தப் பச்சைப் பிள்ளை என்ன பாவம் செய்தது? இருந்தாலும் சிரித்தோம்.

பிப்ரவரி 3, மதியம்

பேய்ஜ் என்று நான் எழுதியதைச் சுட்டிக்காட்டிய நண்பருக்கு: ஆமாம், தமிழில் எழுதினால் பேய் வந்துவிடுகிறது. பேஜ் என்று மாற்றிவிட்டேன். மூன்றாவது சீசன் முடிவில் ப்ரூ செத்த பிறகு வந்த புதிய தங்கையை நாங்கள் ஒரு வருடம் பேய்ஜ் என்றுதான் சொன்னோம், வேண்டுமென்றே.

பிப்ரவரி 4

சரி, சட்டை.

ஒப்புக்கொள்கிறேன். முதல் மூன்று சீசனில் அலுவலகத்துக்குப் போகிற பெண்களின் உடை. ஐந்தாவது சீசன் ஃபீபி கடற்கன்னியாக வாலோடு தொடங்குகிறது, மூவரும் கிரேக்கத் தெய்வங்களாக முடிகிறது. ஆறாவதில், ஆடையில்லாமல் குதிரை ஏறிப் போனதாகச் சொல்லப்படும் கோடைவா சீமாட்டி கதை. ஃபீபி குதிரைமேல், உடம்பில் முடி மட்டும். உடை வடிவமைப்பாளர் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்களா என்று கேட்பார் அக்கா.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. ரிமோட் தங்கை கையில். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றால் அம்மா வருகிறாள் என்று அர்த்தம், உடனே செய்தி சேனல். ஒருநாள் ரிமோட் பேட்டரி தீர்ந்துபோயிற்று. அம்மா வந்து நின்று முழுதாக ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுங்களுக்குக் குளிராதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். இதுவரை நான் படித்த விமர்சனங்களில் அதுதான் சுருக்கமானது.

காரணம் என்ன? தொடரை உருவாக்கிய கான்ஸ்டன்ஸ் பர்ஜ் இரண்டாவது சீசனோடு பொறுப்பிலிருந்து விலகினார், தயாரிப்பாளர் பிராட் கெர்ன் கைக்கு முழுதாகப் போனது. பெண் போனாள், துணியும் போயிற்று என்று முடித்துவிட ஆசைதான். அப்படி முடிக்க முடியவில்லை. பைப்பராக நடித்த ஹாலி மேரி கோம்ப்ஸும் ஃபீபியாக நடித்த அலிஸா மிலானோவும் ஐந்தாவது சீசனிலிருந்து தயாரிப்பாளர்கள். துணி குறைந்ததும் நடிகைகளுக்கு அதிகாரம் வந்ததும் ஒரே காலம். அந்தக் காலத்தில் உடம்பைக் காட்டுவதையும் சக்தி என்றுதான் விற்றார்கள். வாங்கியவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் அதே ஐந்தாவது சீசனில்தான் ஃபீபி தன் கணவன் கோலிடமிருந்து விவாகரத்து கேட்டுப் போராடுகிறாள். அவன் அவளை விட மாட்டேன் என்கிறான், பின்னாலேயே வருகிறான், நான் திருந்திவிட்டேன் என்கிறான். மந்திரத்தால் சாகடிக்க முடியாத முன்னாள் கணவன்! வாலும் துடுப்பும் வைத்துக் கிண்டலடிக்கப்படும் சீசனில் இது இருக்கிறது. இரண்டையும் சேர்த்தேதான் பேச வேண்டும்.

பிப்ரவரி 4, பிற்பாடு

திருத்தம். வேறொருவருக்கு எழுதிய பதிலில், ஹாலிவெல் குடும்பத்து மூதாதை மெலிண்டா வாரன் சேலத்தில் எரிக்கப்பட்டதைச் "சரித்திரப் பின்னணி" என்று எழுதிவிட்டேன். தவறு. (நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம். ஒருவர் ஏற்கெனவே மாம்பழம் பற்றிக் கேட்டுவிட்டார்.) 1692-இல் அங்கே நடந்த சூனிய வழக்குகளில் யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல்லை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையிலேயே செத்தவர்களும் உண்டு. எரித்தது ஐரோப்பாவில்.

இதைச் சரிபார்க்கப் போனபோது வேறொன்று கண்ணில் பட்டது. சேலத்தில் முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்களும் மூன்று பெண்கள். சாரா குட், பிச்சையெடுத்துப் பிழைத்தவள். சாரா ஆஸ்போர்ன், தேவாலயப் பக்கம் வராதவள். டிட்டுபா, பாதிரியார் வீட்டு அடிமை. ஒருத்தி தூக்கில், ஒருத்தி சிறையில் செத்தாள், டிட்டுபா குற்றத்தை ஒப்புக்கொண்டு உயிர் பிழைத்தாள்.

மூவரின் சக்தி என்று எட்டு சீசன், 178 எபிசோடு எடுத்தவர்கள் இந்த மூவரை வைத்து ஒரு கதை செய்திருக்கலாம். மெலிண்டாவுக்கு அழகான வெள்ளை முகம். டிட்டுபாவின் பேத்தி யாரும் அந்த மாளிகையில் குடியிருக்கவில்லை.

பிப்ரவரி 6

"மூன்று வெள்ளைக்கார அழகிகள்" என்று கேள்வியில் இருந்ததை நான் இதுவரை தொடவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். தொடாமல் நழுவியது உண்மை. நேற்று அதற்காகவே ஆறாவது சீசனில் ஒரு எபிசோடைத் திரும்பப் பார்த்தேன்.

டாரில் மோரிஸ். போலீஸ்காரர், கறுப்பினத்தவர். ஏழு சீசன் வரை தொடர்ந்து வரும் கறுப்பு முகம் அவர் ஒருவர்தான். அவர் வேலை என்ன? இந்தப் பெண்கள் போகுமிடமெல்லாம் விட்டுவரும் பிணத்துக்கும் உடைசலுக்கும் அறிக்கை எழுதிச் சமாளிப்பது. அந்த எபிசோடில் சகோதரிகளின் மந்திரம் வெளியே தெரிந்துவிடாமல் இருக்க, மாய உலகத் துப்புரவாளர்கள் கொலைப்பழியைத் தூக்கி டாரில் மேல் போடுகிறார்கள். அவருக்கு மரண தண்டனை. ஊசி போடப் படுக்க வைக்கும்வரை போகிறது. கடைசி நேரத்தில் தப்புகிறார். அதற்கப்புறம் அவரும் அவர் மனைவியும் இந்தப் பெண்களிடமிருந்து ஒதுங்குகிறார்கள், சகோதரிகளுக்கோ அது வருத்தமாக இருக்கிறது!

இருபது வயதில் இதைப் பார்த்தபோது, "நல்லவேளை, டாரில் தப்பித்தார்" என்று மட்டும் நினைத்தேன். வெள்ளைப் பெண்கள் மூவரின் ரகசியத்துக்குக் கறுப்பு மனிதன் தலை போகப் பார்க்கிறது என்று இப்போதுதான் உறைத்தது. எழுதியவர்களுக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. இந்த இடத்தில் கேள்வி கேட்டவர் ஜெயித்தார்.

பிப்ரவரி 7, காலை

மொழி பற்றிக் குறுக்கே ஒரு வார்த்தை. நான் ஏன் "சூனியக்காரி" என்று எழுதாமல் சுற்றி வளைக்கிறேன் என்று கேட்டிருக்கிறார்கள். ஃபீபியைச் சூனியக்காரி என்று எழுத கை வரவில்லை. மந்திரவாதி என்றால் ஆண், தட்சணை வாங்குவார். சூனியக்காரி என்றால் பெண், அடி வாங்குவாள். தேவதை என்றால் சிறகு முளைத்துவிடும். ஜார்க்கண்டிலும் அசாமிலும் இந்தப் பட்டத்தைக் கட்டி இன்றும் பெண்களைக் கொல்கிறார்கள், அதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் "விட்ச்" என்ற அந்தச் சொல்லைக் கழுவித் துடைத்துக் கழுத்தில் அணியும் அளவுக்குக் கொண்டுவந்ததில் இந்தத் தொடருக்கும் பங்கு உண்டு. நம்மிடம் அது இன்னும் கறையோடு கிடக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

மகளுக்கு 13 வயது. அவளை உட்கார வைத்து இரண்டாவது சீசனின் இரண்டாவது எபிசோடைப் போட்டேன். எனக்கு மிகப் பிடித்தது அது. இப்போது சந்தேகமாகிவிட்டது.

கதை நாய்ப் பீயில் தொடங்குகிறது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தினமும் தன் நாயை இவர்கள் வீட்டு வாசலில் விடுகிறார், அள்ளுவதும் இல்லை. சகோதரிகள் ஒருநாள் அவரை உறைய வைத்து, அதைத் தூக்கி அவர் ஷூமேலேயே போடுகிறார்கள். சிரிப்பு. அன்றே ஃபீபிக்கு ஒரு தோற்றம் தெரிகிறது: 2009-இல் தன்னை உயிரோடு எரிக்கிறார்கள். மூவரும் எதிர்காலத்துக்குப் போகிறார்கள். அங்கே ஃபீபி, தன் தோழியைக் கொன்றுவிட்டுத் தப்பித்தவனை மந்திரத்தால் கொன்றிருக்கிறாள். அதற்குத்தான் தீ. குற்றவாளியைத் தண்டிப்பது நம் வேலையில்லை, அப்பாவிகளைக் காப்பதுதான் வேலை என்று ஃபீபி ஒப்புக்கொள்கிறாள். தீ அவளை எடுத்துக்கொள்கிறது. எனக்கு அன்றும் கண்ணீர், நேற்றும் கண்ணீர்.

மகள் சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்த நாய்க்காரருக்கு என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. அவர் பாட்டுக்கு நாயோடு நடக்கிறார்.

"அப்ப இவங்க மட்டும் ஏன் அடக்கிக்கணும்?"

என்னிடம் பதில் இருந்தது. அதிகாரம் உள்ளவர்கள் பழிவாங்கக் கூடாது, இத்யாதி. சொல்லிப் பார்த்தேன், என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. எட்டு சீசனும் இவர்கள் தலைமேல் ஒரு விதி தொங்குகிறது: சொந்த லாபத்துக்கு மந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது, செய்தால் திருப்பியடிக்கும். அரக்கர்களுக்கு இந்த விதி இல்லை. மேலே இருக்கும் பெரியவர்கள் வேலையை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, கல்யாண நாளன்றும் அரக்கன் வருவான். பகலில் வேலை, இரவில் உலகத்தைக் காப்பது, நடுவில் பிள்ளைக்குப் பால். பைப்பர் எட்டு வருஷம் புலம்புவது "எனக்கு ஒரு சாதாரண வாழ்க்கை வேண்டும்" என்று. நான் அதை அவள் குணம் என்று நினைத்திருந்தேன். அது கூலி கேட்கும் குரல்.

அப்படியானால் முதல் நாள் நான் எழுதியது? பைப்பர் ஒயின் விட்டு வேலை வாங்கினாளே, அது சொந்த லாபம்தானே? விதி வருவதற்கு முன் நடந்தது. விதி தெரிந்தபிறகு அவள் அப்படிச் செய்திருக்க முடியாது. நான் பெருமையாகக் காட்டிய காட்சியைத் தொடரே அப்புறம் தடைசெய்துவிட்டது. இது எனக்கு 20 வருஷமாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 11

புதியதைப் பற்றி. 2018-இல் மூன்று எபிசோடு பார்த்துவிட்டுத் திட்டி எழுதியவள் நான். அதைப் பழைய பக்கங்களிலிருந்து தோண்டி எடுத்துப் போட்டவருக்கு நன்றி, எனக்கு வேண்டியதுதான். இந்த வாரம் முதல் சீசனை முழுதாகப் பார்த்தேன்.

விளம்பரத்திலேயே பெண்ணியம் என்ற சொல்லைப் போட்டார்கள். அப்ப நாங்கள் எடுத்தது என்ன என்கிற மாதிரி கோம்ப்ஸ் வெளிப்படையாகச் சண்டைக்கு வந்தார். அப்போது நான் அவர் பக்கம் நின்றேன். இப்போது பாதிப் பக்கம்.

நல்லது: மூத்த சகோதரி மேசி. கறுப்பினப் பெண், மரபணு விஞ்ஞானி, ஆய்வகத்தில் வேலை. மந்திரத்தை அவள் சந்தேகப்படும் விதமே தனி. அவள் தங்கை மெல் ஒரு பெண்ணை நேசிக்கிறாள், அதை யாரும் ரகசியம்போல் கிசுகிசுப்பதில்லை. பழையதில் எட்டு சீசனில் அதற்கு இடமே இல்லை. அம்மா பெண்ணியத் துறையின் தலைவர். அவர் கொல்லப்பட்டதும் அந்த நாற்காலிக்கு வருகிறவர் ஓர் ஆண்! நான் சத்தமாகச் சிரித்தேன். பழையதில் இவ்வளவு கூர்மையான கிண்டல் கிடையாது.

கெட்டது: மெல் வாயைத் திறந்தால் வகுப்பு. பழைய பைப்பர் கரண்டியில் ஒயின் விட்டுச் சொன்னதை இவள் மூன்று பத்தியில் சொல்கிறாள். அப்புறம் இன்னொன்று. லத்தீன் சகோதரிகள் என்று அறிவித்தார்கள், ஆனால் மூவரில் மெல்லாக நடித்த மெலனி டியாஸ் மட்டும்தான் அந்த வம்சாவளி என்று பிறகு பேச்சு கிளம்பியது. பழுப்பு நிறம் இருந்தால் போதும், எந்த ஊர் என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற கணக்கு. மேசியும் மூன்றாவது சீசன் முடிவில் சாகிறாள், ப்ரூவைப் போலவே. இரண்டு தொடரிலும் மூத்தவளுக்கு மூன்று சீசன்தான் ஆயுள். அக்காவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

விட்ட இடத்திலிருந்து. புதியதின் முதல் எபிசோடில் பாலியல் தொல்லைப் புகாருக்கு ஆளான பேராசிரியரே அரக்கன். 2018-இல் அது எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய அக்டோபரில் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டியவர்களில் பேஜாக நடித்த ரோஸ் மெக்கவனும் ஒருவர். மீ டூ இயக்கத்தைத் தொடங்கியவர் ஃபீபியாக நடித்த மிலானோ. பழைய தொடரின் பெண்கள் வெளியே வந்து செய்ததைத்தான் புதிய தொடர் கதையாக்கியது. இதைவிடப் பழையதற்கு வேறு சான்று வேண்டுமா?

பிப்ரவரி 12, அரை மணி கழித்து

திருத்தம், கொஞ்சம் வெட்கத்தோடு. மீ டூவைத் தொடங்கியவர் மிலானோ இல்லை. டரானா பர்க் என்ற கறுப்பினப் பெண் 2006-லிருந்தே அந்தச் சொல்லை வைத்து வேலை செய்துவந்தார், சார்ம்ட் முடிந்த அதே வருடம். 2017 அக்டோபர் 15-இல் மிலானோ ட்வீட் போட்டதும் உலகமெல்லாம் பரவியது. பர்க் பற்றித் தெரிந்ததும் மிலானோவே அதைச் சொல்லிவிட்டார். சொல்லாதது நான்தான்.

ரோஜர் வேலையை நானே செய்திருக்கிறேன். கழுத்தில் டை இல்லாததால் தப்பித்தேன்.

பிப்ரவரி 15

அக்காவுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பியிருந்தேன். இரவு போன். ஹலோ கூட இல்லை.

"நீ பைப்பரா? யார் சொன்னது?"

நடுப்பிள்ளை என்றேன்.

"முதல் எபிசோடில் வேலையில்லாமல் நியூயார்க்கிலிருந்து பெட்டியோடு திரும்பி வருகிறவள் யாரு? ஃபீபி. 2005-இல் சென்னையில் வேலையை விட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து நின்றது யாரு? அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது நாலு வருஷம் ஆபீசும் போய்விட்டு உங்கள் எல்லாருக்கும் பொங்கிப் போட்டது யாரு? நீங்களாகவே என்னை ப்ரூ ஆக்கி மூணு சீசனில் சாகடித்துவிட்டீர்கள்."

தங்கையும் லைனில் இருந்தாள், சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்படியானால் நான் யார் என்று கேட்டாள். பேய்ஜ் என்றார் அக்கா.